பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு: மார்க்குக்கா, மொழிக்கா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள் பல வீடுகளில் குட்டிப் பட்டிமன்றம் ஒன்று நடந்து முடிந்துவிடும். பிளஸ் ஒன் அட்மிஷன் படிவத்தில் மொழிப்பாடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ் என்று எழுதுவதா, பிரெஞ்சு என்று எழுதுவதா? அப்பா ‘டோட்டல்’ கணக்குப் போடுவார். பக்கத்து வீட்டுப் பெண் பிரெஞ்சில் 98 வாங்கியது அம்மாவுக்கு ஞாபகம் வரும். தாத்தா, “நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாமா?” என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். பிள்ளை வைத்திருக்கும் காரணமே வேறு. இனி செய்யுள் மனப்பாடம் கிடையாது!

இத்தனை பேச்சிலும் பிரெஞ்சு என்ற மொழியைப் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்காது. அது எப்படிப்பட்ட மொழி, இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு வரும், வந்தால் எதற்கு உதவும் என்று யாரும் கேட்பதில்லை. மார்க்கைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அந்த மார்க் கணக்காவது சரிதானா என்று முதலில் பார்த்துவிடலாம்.

நூறு வாங்க முடிவது ஏன்?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வி பிளஸ் ஒன்னில் வந்து நிற்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-ல் வந்தது. 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதற்கு முன்பு மெட்ரிக் பள்ளிகள் சிலவற்றில் நடுநிலை வகுப்பிலேயே தமிழை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போக முடிந்தது. இப்போது பத்தாம் வகுப்பு வரை தமிழ் உண்டு. பிளஸ் ஒன்னில்தான் கதவு திறக்கிறது. சி.பி.எஸ்.இ பள்ளிகளின் கதை வேறு. அங்கே ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ பிரெஞ்சைத் தொடங்கிவிடும் பள்ளிகள் உண்டு.

ஆக, மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை 15, 16 வயதில் முதன்முதலாகப் பிரெஞ்சு எழுத்துகளை உச்சரிக்கிறது. 17 வயதில் அதே மொழியில் பொதுத்தேர்வு எழுதுகிறது. இடையில் இருப்பது இரண்டே ஆண்டுகள். அப்படியானால் கேள்வித்தாள் எந்தத் தரத்தில் இருக்க முடியும்? ஆரம்ப நிலைத் தரத்தில்தான். பக்கத்து அறையில் தமிழ்த் தேர்வு எழுதும் மாணவரோ, 12 ஆண்டுகள் படித்த மொழியில் சங்கப் பாடல் முதல் சிறுகதை வரை பதில் எழுத வேண்டும். ஒருவர் சைக்கிள் பழகுகிறார். இன்னொருவர் மலைப்பாதையில் ஓட்டிக் காட்டுகிறார். இருவருக்கும் நூற்றுக்குத்தான் மார்க்!

‘பிரெஞ்சு ஈஸி’ என்று சொல்வதில் இந்தக் குழப்பம் இருக்கிறது. எளிது அந்தக் கேள்வித்தாள்தான். பிரெஞ்சு அப்படி ஒன்றும் எளிதான மொழி அல்ல.

அந்த நூறு எங்கே சேர்கிறது?

சரி, கேள்வித்தாள் எளிது, நூறும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அது எங்கே கணக்கில் சேர்கிறது என்பதைப் பல பெற்றோர் விசாரிப்பதே இல்லை.

பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமில்லை. மருத்துவத்துக்கு நீட். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்ஸி., பி.காம். போன்ற படிப்புகளுக்குத் தரவரிசை போடும்போது நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. என்.ஐ.டி போன்றவற்றுக்கு ஜே.இ.இ. அங்கே பிளஸ் டூவில் 75 சதவிகிதம் வேண்டும் என்ற நிபந்தனைக்கு மொழிப்பாடமும் கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனால், ஜே.இ.இ எழுதித் தேறும் அளவுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழால் அந்த 75 தட்டிப்போகும் என்று நினைப்பது கொஞ்சம் அதிகப்படியான பயம்.

அதாவது, மொழிப்பாடத்தில் 86-க்குப் பதிலாக 99 வாங்கினால் கூடுவது மொத்த மதிப்பெண். வீட்டு ஹாலில் மாட்டும் போட்டோவிலும், பள்ளி வாசல் பேனரிலும் அந்த எண் அழகாக இருக்கும். கட்-ஆஃப் அரை மார்க்கூட ஏறாது. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கும் தனியார் கல்லூரிகள் இருக்கலாம். குறிப்பிட்ட கல்லூரி ஒன்று மனதில் இருந்தால் அதன் விண்ணப்ப விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மாநில ரேங்க் என்ற ஆசையும் இப்போது இல்லை. 2017-லேயே ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கம் நின்றுவிட்டது. அது இருந்த காலத்திலும், தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கு ஒரு பட்டியல், பிரெஞ்சு, சமஸ்கிருதம் போன்றவற்றை எடுத்தவர்களுக்கு வேறு பட்டியல் என்றுதான் இருந்தது.

நியாயமான காரணங்களும் உண்டு. அப்பாவுக்கு வேலை மாற்றல், மூன்று மாநிலம் சுற்றி வந்த குடும்பம், தமிழில் எழுதுவதே பெரும்பாடு என்று திணறும் பிள்ளைக்கு இது மூச்சுவிட ஒரு வழி. நீட், ஜே.இ.இ என்று ஓடும் பிள்ளைக்கு மொழிப்பாடத்தில் மிச்சமாகும் நேரம் பெரிய விஷயம் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால், மிச்சமாகும் நேரம் உண்மையில் இயற்பியலுக்குத்தான் போகிறதா என்பதை அந்தந்த வீட்டு வைஃபைதான் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ் தகுதித்தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. பத்தாம் வகுப்புத் தரம், குறைந்தது 40 சதவிகிதம். அதைத் தாண்டாவிட்டால் மற்ற தாள்களை மதிப்பிடவே மாட்டார்கள். குரூப் 4 தேர்வில் அந்தத் தமிழ் மதிப்பெண் தரவரிசைக்கும் சேர்கிறது. 15 வயதில் தமிழை மூடிவைத்துவிட்டு 23 வயதில் குரூப் 4 புத்தகத்தைத் திறக்கும்போது, அந்த எட்டு ஆண்டு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் பிரெஞ்சே வேண்டாமா?

வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பு 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் சுமார் 32 கோடிப் பேர் அந்த மொழி அறிந்தவர்கள். அன்றாடம் அதில் பேசுபவர்களில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். பிரெஞ்சு என்றதும் ஈஃபில் கோபுரத்தை மட்டும் நினைப்பவர்கள் செனகலையும் ஐவரி கோஸ்ட்டையும் சேர்த்து நினைக்கலாம்.

தமிழர்களுக்கு அது அவ்வளவு தூரத்து மொழியும் அல்ல. சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி. துய்ப்ளேயின் தலைமை துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில்தான் இருக்கிறது. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களுடன் வணிகமும் அரசியலும் பேசியவர், எழுத உட்கார்ந்தால் தமிழ்! 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான ‘லிசே பிரான்ஸே’ இன்றும் அங்கே பிரான்ஸ் நாட்டுப் பாடத்திட்டப்படி நடக்கிறது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவரை ஊர்க்காரர்கள் ‘சொல்தா’ என்பார்கள். ராணுவ வீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. அந்த வீடுகளில் தமிழும் பிரெஞ்சும் ஒரே சாப்பாட்டு மேசையில் புழங்கின. ஒன்று வந்ததற்காக இன்னொன்று எழுந்து போகவில்லை.

பாரீஸில் இதற்கு நேர் எதிர்க் காட்சி. ‘கார் து நோர்’ ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பல் பகுதி, ஈழத்தமிழர் கடைகளால் நிறைந்தது. அங்கே வளரும் பிள்ளைகள் வாரம் முழுக்கப் பிரெஞ்சில் படிக்கிறார்கள். வார இறுதியில் பெற்றோர் அவர்களைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கே படிவத்தில் ஒரு கட்டத்தில் தமிழை அடித்துவிட்டுப் பிரெஞ்சு எழுதும் பெற்றோர், அங்கே தங்கள் உறவுக்காரர்கள் சனிக்கிழமை காலையில் என்ன பாடு படுகிறார்கள் என்று போனில் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதம் யார் வேகமாக முன்னேறுவார்கள்? ஆங்கிலத்தில் புலி என்று பெயர் வாங்கியவர் என்றுதான் தோன்றும். ஆனால், தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனித்துப் படித்த பிள்ளைக்கு அங்கே எதிர்பாராத ஆதரவு காத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் எல்லோரும் ‘யூ’தான். பிரெஞ்சில் நண்பனுக்கு ‘த்யு’, ஆசிரியருக்கு ‘வூ’. ஆங்கிலேயருக்கு இதைப் பழக வெகுநாள் ஆகும். நம் பிள்ளைக்கு இது நீ, நீங்கள். ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். யாரிடம் எப்போது ‘வூ’விலிருந்து ‘த்யு’வுக்கு இறங்கலாம் என்ற நுணுக்கம்கூட, ‘வாங்க, போங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ‘வாடா, போடா’வுக்கு வரும் இடத்தைப் போன்றதுதான்.

வினைச்சொல்லிலும் அப்படியே. வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கேற்ப வாலை மாற்றுவது தமிழனுக்குப் பிறவிப் பழக்கம். பிரெஞ்சிலும் ஆளுக்கேற்ப விகுதி மாறும். ஒரே சங்கடம், அந்த வால்களில் பாதி காதில் கேட்காது. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றும் எழுத்தில் வெவ்வேறு. வாயில் மூன்றுமே ‘பார்ல்’தான்!

புணர்ச்சி விதி நினைவிருக்கிறதா? பள்ளியில் எல்லோரும் திட்டிக்கொண்டே படித்த அதே புணர்ச்சி. பிரெஞ்சிலும் ஒன்று உண்டு. ‘லே’ என்ற சொல்லின் கடைசியில் ஒரு ‘எஸ்’ ஊமையாகக் கிடக்கும். அடுத்து ‘அமி’, அதாவது நண்பர் என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அந்த ஊமை எழுத்துக்கு உயிர் வந்து ‘லேஸமி’ என்று ஒட்டிக்கொள்ளும். சொல் சொல்லோடு சேரும்போது ஒலி மாறும் என்பதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட காதுக்கு இது புதிதல்ல.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. நமக்கு மேசை அஃறிணை, நாற்காலி அஃறிணை, அதோடு முடிந்தது. பிரெஞ்சில் மேசை பெண்பால், எழுதும் மேசையான ‘ப்யுரோ’ ஆண்பால். நம் வீட்டு பீரோவின் பூர்விகமும் அந்தச் சொல்தான். சூரியன் ஆண், நிலா பெண் என்பதைக் கதைகள் கேட்டு வளர்ந்தவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். மேசை என்ன பாவம் செய்தது? காரணம் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன்னால் வரும் ‘ல’ அல்லது ‘லெ’யோடு சேர்த்தே மனதில் ஏற்றுவதுதான் வழி. சொல்லைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் படித்தவர்கள் தேர்வில் திண்டாடுவார்கள்.

எண்களில் ஒரு வேடிக்கை. எழுபதுக்கு ‘அறுபது-பத்து’. எண்பதுக்கு ‘நான்கு இருபது’. 99 என்றால் ‘நான்கு இருபது பத்து ஒன்பது’! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரடியான சொற்கள் இருக்கின்றன. நாம் அதிகம் சிரிக்க முடியாது. தொண்ணூறுக்குள் ஏன் நூறு உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

வாய் திறக்காத மொழி

இனிதான் உண்மையான பிரச்னை. பொதுத்தேர்வில் மொழிப்பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் பத்தி படித்து விடை, இலக்கணத்தில் கோடிட்ட இடம், கடிதம் எல்லாம் இருக்கும். நூறு வாங்க வாயைத் திறக்கவே தேவையில்லை. கேள்வியில் உள்ள வார்த்தையைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே இறக்கிவைத்தால் பல இடங்களில் விடை வந்துவிடும். பொருள் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

இதனால்தான் பிரெஞ்சில் 97 வாங்கிய மாணவர், உண்மையான பிரெஞ்சுக்காரர் ஒருவர் எதிரே வந்து பேரைக் கேட்டால் சிரித்துச் சமாளிக்கிறார். பிள்ளையைக் குறை சொல்லி என்ன செய்வது? தேர்வு கேட்டதை அந்தப் பிள்ளை கொடுத்துவிட்டது.

மொழி கற்றவரின் அளவுகோல் உலகம் முழுக்க வேறாக இருக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பிரான்ஸின் கல்வி அமைச்சகம் தரும் ‘டெல்ஃப்’ சான்றிதழ் இதில் பி2 வரை போகும். பள்ளி மாணவர்களுக்கு ‘டெல்ஃப் ஜூனியர்’ என்றே தனித் தேர்வு உண்டு. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி. ஆனால், எந்த ஒன்றிலும் ஐந்துக்குக் கீழே போனால் மற்ற மூன்றில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். வாய் திறக்காதவருக்கு அங்கே வழி இல்லை.

பள்ளியில் படிப்பது இதில் எந்தப் படிக்குச் சமம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஐந்து பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 112 மணி நேரம். இரண்டு ஆண்டுக்கு 225. ஏ2 படியை எட்ட ஏறக்குறைய 200 மணி நேர வகுப்பும், பி2 வரை போக 600 மணி நேரத்தை ஒட்டியும் ஆகும் என்பது மொழிப் பயிற்சி நிலையங்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, அந்த 225 மணி நேரமும் ஒழுங்காக நடந்தால் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை ஏ2 தேர்வை எழுதலாம். கடைக்குப் போய்ப் பேசலாம், வழி கேட்கலாம், தன் குடும்பத்தைப் பற்றி நாலு வரி சொல்லலாம். அது சின்ன விஷயமல்ல. ஆனால், அந்த மணி நேரத்தில் பாதி ஸ்லிப் டெஸ்ட்டுக்கும் ரிவிஷனுக்கும், இன்னும் கொஞ்சம் ‘பிரெஞ்சு பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டார்’ என்பதற்கும் போய்விடுகிறது.

வேலை, விசா கனவு

‘பிரெஞ்சு படித்தால் கனடா போகலாம்’ என்பது இப்போது வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் வரி. அதில் உண்மை உண்டு, பாதி. கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக 50 புள்ளிகள் வரை கிடைக்கும். 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகளில் அழைப்பு விடுக்கிறார்கள். ஆனால், அவர்கள் கேட்கும் தரம் நான்கு திறன்களிலும் ஏறக்குறைய பி2. பிளஸ் டூ பிரெஞ்சு அங்கே நுழைவுச்சீட்டு ஆகாது. முதல் படியாக வேண்டுமானால் இருக்கும். விதிகளும் அடிக்கடி மாறும். ஏஜென்ட் சொல்வதைவிட கனடா அரசின் இணையதளத்தில் பார்ப்பதே பாதுகாப்பு.

பிரான்ஸும் இந்திய மாணவர்களை எதிர்பார்க்கிறது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் என்ற இலக்கை அதிபர் மக்ரோன் 2024 ஜனவரியில் அறிவித்தார். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் அங்கே உண்டு. பிரெஞ்சில் நடக்கும் இளநிலைப் படிப்புகளுக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள்.

ஒரகடத்தில் ரெனோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செயின்ட் கோபைன், தேர்வாய் கண்டிகையில் மிஷலின் என்று பிரெஞ்சுப் பெயர்கள் நம் ஊர் நெடுஞ்சாலைகளிலேயே இருக்கின்றன. அங்கே வேலைக்குச் சேர முதலில் பார்ப்பது பொறியியலையும் தொழில் திறனையும்தான். மொழி அதற்கு மேல் ஒரு பலம், அவ்வளவே. மொழியையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பு, ஆசிரியர் பணி, சுற்றுலா என்று வழிகள் உண்டு. அவர்களுக்கு இரண்டு மொழியும் சம பலத்தோடு வேண்டும். தமிழைப் பத்தாம் வகுப்போடு விட்டவர் பிரெஞ்சிலிருந்து எந்த மொழிக்கு மொழிபெயர்ப்பார்?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சா, தமிழா என்ற இந்தப் பட்டிமன்றம் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளுக்கு உள்ளேதான் நடக்கிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கற்றுத்தர ஆசிரியர் கிடையாது. ஒட்டன்சத்திரத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கும் நல்ல காதும் கூர்மையான நாக்கும் உள்ள ஒரு பிள்ளைக்கு, தமிழை விடாமலே பிரெஞ்சைக் கூடுதலாகப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தால் எங்கே போய் நிற்கும்? மார்க்குக்காக எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் வகுப்பு, மொழிக்காக ஏங்குபவர்களுக்குக் கிடைக்காமல் போவதுதான் இதில் மனதை உறுத்துகிறது.

எடுப்பதென்று முடிவானால்...

பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘போன வருஷம் எத்தனை சென்டம்?’ அல்ல. வகுப்பில் ஆசிரியர் பிரெஞ்சில் பேசுவாரா? ஆடியோ போட்டுக் கேட்க வைப்பார்களா? பிள்ளைகளை டெல்ஃப் ஜூனியருக்கு அனுப்பிய பழக்கம் உண்டா? இந்த மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், அங்கே பிரெஞ்சு என்பது மார்க் பாடம் மட்டுமே.

2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. பிரெஞ்சைப் பொறுத்தவரை இது ஒரு வரம். முதல் ஆண்டைக் காதுக்கும் வாய்க்கும் கொடுக்கலாம். பள்ளி கொடுக்காவிட்டாலும் வீட்டில் கொடுக்கலாம். பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ, எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி ஒன்றை வெளியிடுகிறது. ‘டிவி5 மோந்த்’ தளத்தில் ஏ1 முதல் படிப்படியாக இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் மையங்கள் உள்ளன. ஸ்கூல் பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் எண்களைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்ப்பது செலவில்லாத பயிற்சி. 70-க்கு மேல் வரும் எண்களில் நாக்கு சிக்கும், சிக்கட்டும்.

பிரெஞ்சுச் சொல்லின் தலைக்கு மேல் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கத்தை மட்டும் சீக்கிரம் விட்டுவிடுவது நல்லது. ‘ஈ’ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, ‘ஊ’ சொல்ல உதட்டைக் குவித்தால் வரும் பிரெஞ்சு உயிரொலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஜே’ என்று சொல்லும் எழுத்தின் பிரெஞ்சு ஒலிக்கு நம் இலக்கியப் பத்திரிகைகள் ‘ழ’ போட்டு ‘ழான்’, ‘ழாக்’ என்று எழுதுவது வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால், அது நம் வாழைப்பழத்து ழகரம் அல்ல. எழுத்துகளை ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பதும் ஆபத்து. ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் ‘பெயின்’ என்ற அதே எழுத்துகள் பிரெஞ்சில் ரொட்டி! இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான், லத்தீன்.

தமிழ் எடுத்தாலும் சரி, பிரெஞ்சு எடுத்தாலும் சரி, இரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ள ஒரு சுவையான வழி இருக்கிறது. செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ 1943-ல் வந்த சின்ன நாவல். பிரெஞ்சு மூலத்திலிருந்து நேராகவே வெ.ஸ்ரீராமும் மதனகல்யாணியும் அதைத் தமிழாக்கியிருக்கிறார்கள். மூலத்தின் மொழி எளிமையானது. ஏ2 படித்த பிள்ளை அகராதியோடு தட்டுத்தடுமாறி நடந்துவிடலாம். பிரெஞ்சுப் புத்தகம் ஒரு கையில், தமிழ்ப் புத்தகம் மறு கையில். தினம் ஐந்து வரி. பிரெஞ்சில் ஒரு வரியைப் படித்து, தானே தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்ரீராம் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று திறந்து பார்க்க வேண்டும். முதல் அத்தியாயம் மிகச் சின்னது. யானையை விழுங்கிய மலைப்பாம்பை ஒரு சிறுவன் வரைகிறான். பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் தொப்பி என்கிறார்கள்.